அப்பாவின் சிடிகளைக் கணினியில் ஏற்றப்போகும் மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு,

மாமா எழுதுவது. 

அப்பாவிடம் இருக்கும் எண்ணூறு சொச்சம் சிடிகளையும் லாஸ்லெஸ்ஸாக, அதாவது இழப்பில்லாமல், மாற்றி வைக்கப்போவதாகச் சொன்னாய். எந்த ஃபார்மட் நல்லது, வேலை முடிந்ததும் தட்டுகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் கடிதமாக எழுதுகிறேன். நீ இதைக் கையில் எடுத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். முதல் கேள்விக்குப் பதில்: ஃப்ளாக். இரண்டாவதற்கு: கொடுக்காதே. ஆனால் நீ கேட்காமல் விட்ட கேள்விகள்தான் இந்த வேலையில் பெரியவை. அவற்றைத்தான் எழுதப்போகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள். காப்பதற்கு ஒரு பிரதி, கேட்பதற்கு ஒரு பிரதி. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. காப்புப் பிரதியில், தட்டில் என்ன இருக்கிறதோ அது அப்படியே இருக்க வேண்டும். இரைச்சல் இருந்தால் இரைச்சலோடு, சத்தம் குறைவாக இருந்தால் குறைவாகவே. உன் காதுக்கு ஏற்ற மாதிரி எதையாவது செய்ய ஆசைப்பட்டால், அதை எல்லாம் கேட்கும் பிரதியில் செய்துகொள்.

ஃப்ளாக் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 1982இல் சோனியும் பிலிப்ஸும் சிடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது வைத்த அளவு இன்றும் மாறவில்லை. விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என்று இரண்டு சானல். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 1,411 கிலோபிட். 128 கிலோபிட் எம்பி3 என்பது அதில் பதினொன்றில் ஒரு பங்கு. மீதியில் நிறையவற்றை எம்பி3 வீசியே விட்டது, எந்த மந்திரம் போட்டாலும் திரும்பாது. ஃப்ளாக் எதையும் வீசுவதில்லை. ஒலியை இறுக்கிக் கட்டுகிறது, அவிழ்த்தால் ஒரு பிட் மாறாமல் பழையபடி வந்துவிடுகிறது. ஜாஷ் கோல்சன் என்பவர் எழுதி 2001இல் முதல் பதிப்பை வெளியிட்டார். யாருக்கும் ராயல்டி கட்ட வேண்டியதில்லை, வடிவத்தின் முழு விவரமும் பொதுவில் இருக்கிறது. 2024 கடைசியில் இணையத் தரங்களை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அதை முறையான ஆவணமாகவே வெளியிட்டுவிட்டது. இன்னும் முப்பது வருஷம் கழித்துத் திறந்து பார்க்க நினைப்பவளுக்கு இதைவிட நல்ல உத்தரவாதம் கிடையாது.

வேவ் கோப்பாகவே வைத்தால் என்ன என்று உன் சிநேகிதி கேட்டாளாமே. வைக்கலாம். ஆனால் பாடியவர் பெயர், ராகம் எல்லாவற்றையும் அதற்குள் ஒழுங்காக எழுதி வைக்க முடியாது. அதைவிட முக்கியமாக, ஃப்ளாக் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் அந்த ஒலிக்கு உரிய ஒரு கைரேகையைப் பதித்து வைக்கிறது. பத்து வருஷம் கழித்து டிஸ்கில் ஒரே ஒரு பிட் புரண்டிருந்தாலும் சோதனை ஓட்டினால் தெரிந்துவிடும். வேவில் அது தெரியாது. ஆப்பிளின் ஏலாக்கும் இழப்பில்லாததுதான். 2004இல் வந்தது, 2011இல் அதையும் திறந்துவிட்டார்கள். உன் ஐபோனுக்கு வேண்டுமானால் ஃப்ளாக்கிலிருந்து ஏலாக்காக மாற்றிக்கொள். இழப்பில்லாததிலிருந்து இழப்பில்லாததற்குப் போனால் எதுவும் குறையாது. 0 முதல் 8 வரை இறுக்கும் அளவு கேட்கும்போது எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒலி ஒன்றுதான். கோப்பின் அளவும் எடுக்கும் நேரமும் மட்டும்தான் மாறும். 24 பிட்டுக்கு ஏற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதே. தட்டில் இல்லாததை யாராலும் ஏற்ற முடியாது.

இடத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஒரு மணிநேரத் தட்டு அப்படியே எடுத்தால் 635 மெகாபைட், ஃப்ளாக்கில் 300 முதல் 400 வரை வரும். எண்ணூறு தட்டுக்கும் சேர்த்து 300 ஜி.பி.யை ஒட்டித்தான் இருக்கும். ஒரு டெராபைட் டிஸ்கில் பாதிகூட நிறையாது. போகப்போக ஒரு வேடிக்கை கவனிப்பாய். மதுரை மணி ஐயர், ஜி.என்.பி. காலத்துப் பதிவுகள் சில வழக்கத்தைவிட மிகச் சின்னக் கோப்பாக வரும். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பயப்படாதே. அவை ஒற்றை மைக்கில் பிடித்த மோனோ பதிவுகள். இடமும் வலமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால், ஃப்ளாக் ஒன்றை எழுதிவிட்டு ‘மற்றதும் இதுவே’ என்று குறித்துக்கொள்கிறது. அதே காலத்துப் பதிவு பெரிய கோப்பாக வந்தால், சிடி போட்டவர்கள் இரண்டு பக்கத்தையும் வேறுபடுத்தி ஏதோ செய்திருக்க வாய்ப்பு உண்டு. கோப்பின் அளவே இப்படி எதையாவது சொல்லும், பார்த்துக்கொண்டே வா.

இனி தட்டைப் படிப்பது. நீ அதிகக் கவனம் வைக்க வேண்டிய இடம் இதுதான். சிடி பிளேயர் நம்மைப் பாட்டுக் கேட்க வைப்பதற்காகச் செய்யப்பட்டது. தட்டில் சின்னக் கீறல் இருந்தால், கூடவே எழுதியிருக்கும் உபரித் தகவலை வைத்து விட்டுப்போனதைத் திரும்பக் கணக்கிட்டுவிடும். பாதையின் வழியே சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் வரை இப்படி முழுசாக மீட்க முடியும். அதற்கு மேல் போனால், முன்னும் பின்னும் இருக்கும் மாதிரிகளைப் பார்த்து நடுவில் இருப்பதை ஊகித்து நிரப்பிவிடும். கேட்பவருக்குத் தெரியாது. பிளேயருக்கு அது நல்ல குணம், ஆவணத்துக்கு ஆகாத குணம். அவசரமாகப் படிக்கும் சாதாரண மென்பொருளும் இதே மாதிரி ஊகத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பச்சை டிக் போட்டுவிடும்.

அதனால் விண்டோஸ் என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக் என்றால் எக்ஸ்.எல்.டி. இரண்டுமே இலவசம். செக்யூர் முறையை அமைத்துக்கொள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, இரண்டு தடவையும் ஒத்துப் போனால்தான் ஏற்றுக்கொள்ளும். டிரைவின் தற்காலிக நினைவகத்தைத் தாண்டிப் படிக்கும்படி அமைப்பில் குறிக்க மறக்காதே. இல்லாவிட்டால் டிரைவ் தட்டைத் தொடாமலே முதலில் படித்ததையே மறுபடி நீட்டும், நீ ஒத்துப்போனது என்று நம்பிவிடுவாய். டிரைவ் எத்தனை மாதிரி தள்ளிப் படிக்கிறது என்று சொல்லும் ஆஃப்செட் எண்ணையும் ஆரம்பத்திலேயே சரியாகப் போட்டுவிடு. ஆக்யுரேட்ரிப் என்ற பொதுத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. உலகத்தில் வேறு யாராவது அதே தட்டைப் படித்திருந்தால் அவர்களுக்கு வந்த சரிபார்ப்பு எண்ணோடு உன்னுடையதை ஒப்பிட்டுச் சொல்லும். சினிமா, மேற்கத்திய இசைத் தட்டுகளுக்குப் பெரும்பாலும் ஜோடி கிடைத்துவிடும். கச்சேரித் தட்டுகளில் பலவற்றுக்குக் கிடைக்காது. கிடைக்காதபோது ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ முறையில் முழுத் தட்டையும் இரண்டு முறை படிக்க விடு. முடிந்தால் இரண்டாவது தடவையை வேறொரு டிரைவில் செய். எண் ஒத்துப்போனால் நிம்மதியாக அடுத்ததற்குப் போகலாம். ஒவ்வொரு தட்டுக்கும் வரும் லாக் கோப்பை அந்தந்த ஃபோல்டரிலேயே விட்டுவை. எப்படிப் படித்தாய் என்பதற்கு அதுதான் சாட்சி.

தட்டைத் துடைக்க மெல்லிய பருத்தித் துணி போதும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடை. வட்டமாகத் துடைத்தால் கீறல் பாதையோடு சேர்ந்து ஓடும், அதை மீட்பது கடினம். பற்பசை தேய்க்கும் வைத்தியம் எல்லாம் வேண்டாம். பளபளக்கும் பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்தி வைக்கிறார்கள். உண்மையில் படம் அச்சிட்ட மேல்பக்கம்தான் பலவீனமானது. ஒளியைத் திருப்பும் உலோகப் படலம் அந்த அச்சுக்கு நேர் கீழே, ஒரு மெல்லிய அரக்குப் பூச்சின் பாதுகாப்பில் இருக்கிறது. கீழ்ப்பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் உண்டு. மேலே கீறினால் படலமே போய்விடும்.

எந்த வரிசையில் எடுப்பது என்பதிலும் யோசனை வேண்டும். அகர வரிசையில் போகாதே. சீக்கிரம் சாகப்போவது எது என்று பார்த்து அதை முதலில் எடு. அப்பாவின் நண்பர்கள் எரித்துக் கொடுத்த கச்சேரி சிடி-ஆர்களுக்குத்தான் முதல் இடம். அவற்றில் தகவல் இருப்பது சாயத்தில். வெயிலும் சூடும் அந்தச் சாயத்தை வெளுக்க வைக்கும். கடையில் வாங்கிய தட்டு தொலைந்தால் இன்னொன்று தேடிக்கொள்ளலாம். ஏதோ ஒரு ஊர்க் கோயில் உற்சவத்தில் ஒரு ரசிகர் பிடித்த பதிவுக்கு உலகத்திலேயே இந்த ஒரு பிரதிதான் இருக்கலாம்.

அடுத்து, அப்பாவின் மேற்கத்திய இசை வரிசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார். நடுத்துளையைச் சுற்றி ‘மேட் இன் யு.கே. பை பி.டி.ஓ.’ என்று இருந்தால் அதைத் தனியே எடுத்து வை. இங்கிலாந்தில் பிளாக்பர்னில் இருந்த ஆலை அது. 1988 முதல் 1993 வரை அங்கே அழுத்திய தட்டுகள் பலவற்றில், உறைத் தாளில் இருக்கும் கந்தகத்தைத் தாங்காத அரக்கைப் பூசிவிட்டார்கள். விளிம்பிலிருந்து செம்பு நிறம் ஏறி உள்ளே பரவும். கடைசிப் பாட்டு முதலில் கெடும், ஏனென்றால் சிடி உள்ளிருந்து வெளியே படிக்கிறது. நிறம் மாற ஆரம்பித்தது கண்ணில் பட்டால் அன்றைக்கே படித்துவிடு.

சிடி-ஆர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. எம்பி3 கோப்பை விரித்து ஆடியோ சிடியாக எரித்துக் கொடுத்தவை அவற்றில் கலந்திருக்கும். ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரோகிராம் போட்டுப் பார்த்தால், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அளவுகோல் வைத்து வெட்டிய மாதிரி காலியாக இருக்கும். ஆனால் பழைய 78 சுற்று இசைத்தட்டிலிருந்து எடுத்ததை இதே கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடாதே. அந்தக் காலத்து ஒலிப்பதிவில் உச்ச அதிர்வெண்கள் இயல்பாகவே குறைவு, மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். சுவர் மாதிரி நின்றால்தான் சந்தேகம். எம்பி3 வழி வந்ததாகவே இருந்தாலும் தூக்கிப் போடாதே. வேறு பிரதி கிடைக்கும்வரை அதுதான் நமக்கு மூலம். குறிப்பில் ‘எம்பி3 வழி வந்தது’ என்று மட்டும் எழுதி வை.

இரைச்சலை நீக்கலாமா என்று உனக்குக் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவில் கேட்டுப் பார். சரசரப்புக்கு நடுவில் நாகஸ்வரத்தின் மேல் ஸ்வரங்கள் கிழித்துக்கொண்டு வரும். மென்பொருளில் இரைச்சலைத் துடைத்தால், நாகஸ்வரத்தின் அந்த முனையும் சேர்ந்து மழுங்கிவிடும். இன்றைய மென்பொருள் செய்வதைவிட நாளைக்கு வருவது நன்றாகச் செய்யும். அதற்கு மூலம் கை படாமல் இருக்க வேண்டும். சத்தத்தைச் சமப்படுத்தும் நார்மலைஸ் பொத்தானும் இப்படித்தான். அதைத் தொடாதே. ரீப்ளேகெயின் என்று ஒரு வழி இருக்கிறது, அது டேகில் ஒரு எண்ணை மட்டும் எழுதும், ஒலியை மாற்றாது. சில மறுவெளியீடுகளில் வேகம் தப்பாகி சுருதி ஏறியிருக்கும். அதையும் கேட்கும் பிரதியில் திருத்திக்கொள். ஒரே படப்பாட்டு அப்பாவிடம் இரண்டு மூன்று கம்பெனி வெளியீடுகளில் இருந்தால் எல்லாவற்றையும் எடு. பழையது அடக்கமாக ஒலிக்கும், பின்னால் வந்தது காதைப் பிடித்து இழுக்கும். எது சிறந்தது என்று தீர்மானிப்பது உன் வேலை இல்லை.

டேக் எழுதுவதுதான் உன் பொறுமையைச் சோதிக்கப்போகிறது. தட்டைப் போட்டவுடன் இணையத் தரவுத்தளத்திலிருந்து பெயர்கள் தானாக வரும். நம் தட்டுகளுக்கு அவற்றைத் தட்டியவர்கள் யாரோ ரசிகர்கள். காம்போஜிக்கு எச் போட்டும் போடாமலும், தோடிக்கு ஒரு எச் சேர்த்தும் விட்டும், நூறு விதமாக இருக்கும். தேடினால் பாதிதான் கிடைக்கும். ஃப்ளாக் டேகில் தமிழ் எழுத்து அழகாக உட்காரும், நீயே புதுக் களங்களையும் உண்டாக்கிக்கொள்ளலாம். பாடகர், ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம், கடம், கச்சேரி நடந்த இடம் என்று வகுத்துக்கொள். ஆண்டுக்கு இரண்டு களம் வை. அட்டையில் இருப்பது பெரும்பாலும் சிடி வெளியான ஆண்டு. அரியக்குடி 1967இல் காலமானவர். அவருடைய கச்சேரியை 1998 என்ற வரிசையில் வைத்தால் என்ன அர்த்தம்? பதிவான ஆண்டு தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் காலியாக விடு.

ஃபோல்டர் பெயருக்கு மட்டும் தமிழ் வேண்டாம். 0001, 0002 என்று எண் கொடுத்து, அதே எண்ணைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதிப் பெட்டியின் முதுகில் ஒட்டு. காரணம் இருக்கிறது. ‘மதுரை சோமு’ என்பதில் வரும் ‘சோ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரட்டைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். பழைய முறையில் வடிவமைத்த மேக் டிஸ்க் இரண்டாவது விதத்தில் மாற்றி எழுதும், விண்டோஸ் நீ தட்டியபடி வைத்திருக்கும். உன் லேப்டாப்புக்கும் அப்பா கணினிக்கும் இடையே நாலு தடவை நகல் எடுத்தால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சோமு ஃபோல்டர்கள் வந்து நிற்கும்.

உறைப் புத்தகத்தையும் அட்டையின் பின்பக்கத்தையும் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய். நடுத்துளையைச் சுற்றிப் பொறித்திருக்கும் எண்களையும் போனில் ஒரு படம் எடுத்து வை. இதுவும் ஆவணம்தான். ஃப்ரீடிபி என்ற இலவசத் தரவுத்தளத்தைப் பல வருஷம் எல்லோரும் நம்பியிருந்தார்கள், 2020இல் மூடிவிட்டார்கள். எங்கேயோ ஒரு சர்வரில் விவரம் இருக்கிறது என்று எதையும் எழுதாமல் விடாதே.

கயல், இனிச் சொல்லப்போவதை நீ எப்படியும் செய்ய வேண்டும். மேலே சொன்னவற்றில் பெரும்பாலானதை நீ ஐந்து வருஷம் கழித்துக்கூடச் செய்யலாம். இதை இப்போதுதான் செய்ய முடியும். அப்பாவிடம் இருக்கும் தட்டுகளில் பாதிக்குப் பக்கவாத்தியம் யார் என்றே அட்டையில் இருக்காது. அப்பாவுக்குத் தெரியும். ஆலாபனைக்குப் பின்னால் வயலின் நாலு வில் போட்டால் போதும், யார் என்று சொல்லிவிடுவார். தனி ஆவர்த்தனத்தில் ஒரு கோர்வை வந்தால் மிருதங்கக்காரர் பெயரோடு, அவர் யாரிடம் கற்றுக்கொண்டார் என்பதும் வரும். எந்த டிரைவும் இதைப் படித்துத் தராது. தினமும் சாயங்காலம் காப்பிக்குப் பிறகு இரண்டு தட்டு போதும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, கேள். குறுக்கே பேசாதே. அவர் வேறு கதைக்குப் போனால் போகட்டும்.

ஆனால் எழுதும்போது பிரித்து எழுது. அட்டையில் இருப்பது ஒரு களம், அப்பா சொன்னது இன்னொரு களம், நீயாக ஊகித்தது மூன்றாவது. அப்பாவுக்கும் ஞாபகம் பிசகும். ‘வயலின்: லால்குடி ஜெயராமன் (அப்பா சொன்னது)’ என்று இருந்தால், பின்னால் விஷயம் தெரிந்தவர் ஒருவர் வந்து திருத்த முடியும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் அது பத்து வருஷத்தில் உண்மையாகிவிடும்.

சேமிப்பு. மூன்று பிரதி, இரண்டு வேறு விதமான சாதனம், ஒன்று வேறு ஊரில். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலமாக்கிய கணக்கு இது, இசைக்கும் அப்படியே பொருந்தும். ஒரே வீட்டில் மூன்று டிஸ்க் வைத்துக்கொண்டு பத்திரம் என்று நினைக்காதே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் தரைத்தளத்து வீடுகளில் என்ன மிஞ்சியது என்று உனக்கே தெரியும். ஒரு பிரதி என்னிடம் கோவையில் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டிஸ்கையும் கணினியில் செருகி, ஃப்ளாக் சோதனையை முழுசாக ஓட்டு. அலமாரியில் தூங்கும் டிஸ்க் கெட்டுப்போனது, தேவைப்படும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

தட்டுகளை ஏன் கொடுக்கக் கூடாது என்றால், எந்தப் பிரதியும் மூலத்துக்கு ஈடாகாது. நீ செய்த வேலையில் சந்தேகம் வந்தால் திரும்பிப் போய்ப் பார்க்க அதுதான் இருக்கிறது. நியாயமும் ஒன்று இருக்கிறது. சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுத்து வைக்க நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. பிரதியை வைத்துக்கொண்டு தட்டை விற்பது, யூடியூபில் ஏற்றுவது எல்லாம் அந்தச் சொந்த உபயோகத்தில் சேராது. வெயில் படாத இடத்தில் நேராக நிறுத்தி வை, அவ்வளவு போதும்.

முதலில் பத்துத் தட்டு மட்டும் எடு. நாலு சிடி-ஆர், இரண்டு கச்சேரி, இரண்டு சினிமா, இரண்டு மேற்கத்தியம். அவற்றின் லாக்கையும் டேகையும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். ஆலாபனையும் கீர்த்தனையும் தனித்தனி ட்ராக்காக இருக்கும் ஒரு தட்டு அதில் இருக்கட்டும், நடுவில் மூச்சு விடாமல் தொடர்கிறதா என்று ஹெட்போனில் கேட்டுவிட வேண்டும். பிறகு மீதியை ஆரம்பிக்கலாம். படிக்க மறுக்கும் தட்டு வந்தால் டிரைவோடு மல்லுக்கட்டாதே, தனிப் பெட்டியில் போட்டு வை. ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொரு டிரைவ் படித்துவிடுவதுண்டு. என்னிடம் பழைய டெஸ்க்டாப் டிரைவ்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன. தீபாவளிக்கு நீங்கள் இங்கே வரும்போது அந்தப் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு வா. லக்கேஜில் போடாதே, மடியில் வைத்துக்கொள்.

அன்புடன்,
மாமா